ஆற்றுச்சாமி மாடத்தில் கம்பெனிச் சான்றிதழ்

'நல்ல காற்று' என்கிற நீராவிப் படகு பிரிட்டிஷ் படகு. அதில் யாரும் சந்தேகப்படக் கூடாது. வாங்கியவர்கள் தாஷி துறையின் ஏழு படகுக்காரக் குடும்பங்கள். கரி அள்ளிப் போட்டவன், சுக்கான் பிடித்தவன், கயிறு வீசியவன் எல்லாம் அந்தக் குடும்பத்து ஆட்கள். ஓடியது யாங்சி ஆற்றில். ஏற்றியது பருத்தி, எள், சந்தைக்குப் போகும் பன்றிகள். இருந்தாலும் அது பிரிட்டிஷ் படகுதான். ஏனென்றால் அந்த ஏழு பேரில் ஒருவர்கூடக் கண்ணால் பார்த்திராத ஹாங்காங்கில், ஏதோ ஓர் அலுவலகத்தில், அந்த ஊர்க் கம்பெனிச் சட்டப்படி அது பதிவாகியிருந்தது.

ஏன் பதிவு செய்தார்கள் என்றால், ஜெனரல்களின் தொல்லை. வருஷத்துக்கு ஒரு ஜெனரல் வருவான். வந்ததும் முதலில் படகைப் பிடிப்பான், பிறகு ஆளைப் பிடிப்பான், கடைசியாக வரியைப் பிடிப்பான். சொந்த நாட்டுக் கொடி பறக்கிற படகைத்தான் பிடிப்பான். அந்நியக் கொடியைப் பார்த்தால் சல்யூட் அடித்து ஒதுங்கிவிடுவான். "காலனிச் சட்டத்துல பதிஞ்சுடுங்க. அப்புறம் உங்க மேல ஒரு தூசி விழுந்தாலும் அவங்க நாட்டுப் பிரதிநிதி கான்சல் வந்து தட்டி விடுவாரு" என்றார் வக்கீல். வக்கீல் பொய் சொல்லவில்லை. தூசி எது, கான்சல் எது என்றுதான் அவர் விளக்கவில்லை.

பதிவுச் சான்றிதழ் வந்தது. தடித்த காகிதம், சிவப்பு முத்திரை, நடுவில் சிங்கம். கம்பெனிக்குச் செயலாளர் பெய்ஃபென். படகோட்டும் கெங்கின் மனைவி. பாதிரிப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தவள். ஏழு குடும்பத்திலும் எழுத்து தெரிந்த ஒரே ஆள் என்பதால் அந்தப் பதவி அவள் தலையில் விழுந்தது. சான்றிதழை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று அவள் சொன்னாள்.

கரி தள்ளுகிற பான் சிரித்தான். "காப்பாத்துற சாமிய யாராவது பெட்டியில பூட்டுவாங்களா தங்கச்சி? வெளிச்சத்துல வைக்கணும், வெளிச்சத்துல. ஆத்துச்சாமி வெள்ளத்தப் பாத்துக்கும், இந்தக் காயிதம் ஜெனரலப் பாத்துக்கும்."

மற்ற ஆறு பேருக்கும் அது நியாயமாகப் பட்டது. படகின் முன்பக்கத்து மாடத்தில், ஆற்றுச்சாமிக்குப் பக்கத்தில், சான்றிதழைப் பலகையில் ஒட்டி மாட்டினார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஊதுவத்தி. புத்தாண்டுக்குச் சேவல் அறுத்து ஓரத்தில் ஒரு ரத்தப் பொட்டு. மூன்று வருஷம் ஒரு நாள் தவறாமல் நடந்தது. எந்த நாட்டுச் சட்டத்துக்கும் அவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

நான்காம் வருஷம் ஜெனரல் தியாவின் படை வந்தது.

அவர்களுடைய கேப்டன் கொடியைப் பார்த்தான். படகில் இருந்த ஏழு முகத்தையும் பார்த்தான். கொடியை இறக்கி அதிலேயே பூட்ஸைத் துடைத்துக்கொண்டான். பத்தாம் நாள் படை மேலாற்றுக்குச் சண்டைக்குப் போகிறது; சிப்பாய்கள் ஏறிய தோணிகளை இழுக்க நீராவிப் படகு வேண்டும்; ஓட்ட ஆளும் வேண்டும். இதுவரை அப்படிப் போன படகுகளில் திரும்பி வந்தது எதுவும் இல்லை. படகு நகரும்போது கெங் மாடத்திலிருந்த பலகையைப் பிடுங்கிக் கரையை நோக்கி வீசினான்.

"பெய்ஃபென்! கான்சல்கிட்ட ஓடு! காயிதம் இருக்குல்ல, பயப்படாத!"

அவள் ஓடினாள்.

கான்சல் ஆபீசில் புல்தரை உண்டு. அதில் நடக்கக் கூடாது. பெஞ்சு உண்டு, அதில் உள்ளூர்க்காரர்கள் உட்காரக் கூடாது. நேரம் பத்து முதல் பன்னிரண்டு. அவளுக்கு முன்னால் மேஜையில் இருந்தவர் குமாஸ்தா சுங். அவர் பிறந்தது மீன் சந்தைக்குப் பின்னால்தான். ஆனால் 'நாங்க' என்று அவர் சொன்னால் அதில் மீன் சந்தை சேராது.

"என்னம்மா இது?"

"பதிவுச் சான்றிதழ் ஐயா."

"எதுக்குப் பதிவு? அடுப்புக்கா?"

பலகை கரேலென்று இருந்தது. மூன்று வருஷப் புகை. சிங்கம் இருந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. உற்றுப் பார்த்தால் எழுத்து தெரியும். ஆனால் உற்றுப் பார்ப்பது சுங்கின் வேலையில் சேர்த்தி இல்லை. பலகையையும் அவளையும் உள்ளே கொண்டுபோனார்.

உள்ளே இருந்தவர் துணைக் கான்சல் ஹாலோபி. சீன மொழியை இரண்டாயிரம் வருஷத்துப் பழைய நூல்களிலிருந்து கற்றவர். அதனால் யாரிடம் பேசினாலும் கல்வெட்டு வாசிப்பது மாதிரி இருக்கும்.

"எழுத்துகள் புலப்படவில்லை. முத்திரை புலப்படவில்லை. இந்த மூலையில் இருப்பது என்ன?"

"சேவல் ரத்தம் ஐயா."

"எந்தப் பிரிவின் கீழ்?"

"புத்தாண்டுக்கு அறுத்தது" என்றாள் பெய்ஃபென். அவர் அதைக் குறித்துக்கொண்டார். "உன் கம்பெனி எங்கள் சட்டத்தின் குழந்தை என்றால் நாங்கள் அதைக் கைவிடமாட்டோம். எங்கள் சட்டத்தின் பெருமையே அதுதான். ஆனால் குழந்தை எங்களுடையதுதான் என்பது நிரூபணமாக வேண்டும். ஹாங்காங்கிலிருந்து சான்றளித்த நகல் தருவிக்கிறேன். இருபத்தைந்து நாட்கள் ஆகும்."

"படை இன்னும் ஒன்பது நாள்ல கிளம்புது ஐயா."

"பயணத்தைத் தள்ளிவைக்கும்படி நீ அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்."

வெளியே வந்தவள் நேராக சீன அரசாங்கத்தின் வெளிநாட்டு விவகார அலுவலகத்துக்குப் போனாள். நம் ஆள், நம் மொழி. அதிகாரி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். மனுவை வாங்கக்கூட இல்லை.

"பிரிட்டிஷ் கம்பெனியா? பிரிட்டிஷ்காரங்க எங்ககிட்ட ஏதாச்சும் கேக்கணும்னா கான்சல் வழியாத்தான் வரணும்."

"நான் இந்த ஊர்ல பொறந்தவ ஐயா. எதிர்ச் சந்துதான். உங்க சன்னல்லருந்து பாத்தா எங்க வீட்டு ஓடு தெரியும்."

"நீ பொறந்திருப்ப. கம்பெனி எங்க பொறந்துச்சு?" தோலைத் துப்பினார். "நல்லா இருந்தப்ப வெள்ளக்காரன் மடியில போய் உக்காந்துக்கிட்டீங்க. இப்ப அழுக வந்துச்சுன்னா எங்க மடி வேணுமா?"

அந்தக் கடைசி வார்த்தை அவளைச் சுட்டது. ஏனென்றால் அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை, அதாவது படகைப் பிடித்தது இவருடைய அரசாங்கத்து ஜெனரல்தான் என்பதை, அவர் விதைத் தோலோடு துப்பிவிட்டிருந்தார்.

மறுநாள் மறுபடியும் கான்சல் ஆபீஸ். நகல் வராவிட்டாலும், பங்குதாரர்களை வைத்துக் கம்பெனியை அடையாளம் காணலாம் என்று ஹாலோபி இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பதிவுப் பட்டியல் ஒன்று அவரிடமே இருந்தது. வருஷா வருஷம் பெய்ஃபென் அனுப்பியதுதான். அதன்படி பங்குதாரர்கள் நேரில் வர வேண்டும். சேவகன் வாசலில் நின்று, காலியாகக் கிடந்த புல்தரையைப் பார்த்துக் கூவினான்.

"திருவாளர் மூன்று வாகை இல்லம்! திருவாளர் மூன்று வாகை இல்லம்! திருவாளர் மூன்று வாகை இல்லம்!"

யாரும் வரவில்லை. ஒரு மைனா மட்டும் பறந்தது.

"திருவாளர் தெளிந்த ஓடை இல்லம்!"

"ஐயா, ஐயா, நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் பெய்ஃபென். "அதெல்லாம் ஆளு இல்ல. வீட்டுப் பேரு. சொத்த ஒருத்தன் பேர்ல எழுதினா அண்ணன் தம்பி அடிச்சுக்குவாங்கன்னு இல்லத்துப் பேர்ல எழுதுறது எங்க வழக்கம். மூணு வாகை இல்லம்னா கரி தள்ளுற பான் அண்ணன் குடும்பம்."

"அப்படியானால் பான் என்பவர் பங்குதாரர் அல்ல."

"அவருதான் பங்குதாரர்."

"பட்டியலில் பான் இல்லை. பட்டியலில் உள்ளவர் ஆஜராகவில்லை." ஏழு பெயர்களுக்கும் எதிரே அதையே எழுதினார். பிறகு எட்டாவது பெயரில் பேனா நின்றது. அவர் முகம் முதல் முறையாக மனித முகம் ஆனது. "கிரிம்ஷா! இங்கே ஓர் ஆங்கிலேயர் இருக்கிறாரே!"

இருந்தார். இயக்குநர்களில் ஓர் ஆங்கிலேயர் வேண்டும் என்று வக்கீல் சொல்லி, ஒரு பங்கைச் சும்மா கொடுத்துச் சேர்த்த ஆள். சுங்க இலாகாவில் மூட்டை குத்திப் பார்த்து ஓய்வு பெற்றவர். சாராயக் கடை மாடியில் இருக்கிறார். இதே மாதிரி இன்னும் பதினெட்டுக் கம்பெனிக்கு இயக்குநர். எந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரியாது. எந்தக் கம்பெனி விருந்தில் வாத்து நன்றாக இருக்கும் என்று தெரியும்.

பெய்ஃபென் அங்கே போய் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஐயோ, என் தொப்பி!"

"என்ன தொப்பி?"

"போன மாசம் விருந்துக்கு வந்தேன்ல. சுக்கான் அறையில ஆணியில மாட்டினேன். வெள்ளத் தக்கைத் தொப்பி. கல்கத்தாவுல வாங்கினது. அந்தத் திருட்டுப் பயலுங்க அதப் போட்டுக்கிட்டுத் திரிவானுங்களே!"

"ஏழு ஆளு அங்க மாட்டிக்கிட்டு இருக்காங்க ஐயா. அவங்கள விடச் சொல்லி ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க."

கிரிம்ஷா நிதானமானார். குடிகாரர் என்றாலும் இருபது வருஷம் அரசாங்க வேலை பார்த்தவர். "ஆளுங்களப் பத்தி எழுதினா நாளைக்கு நான் பதில் சொல்லணும். தொப்பியப் பத்தின்னா எழுதித் தர்றேன்."

எழுதினார். ஒரே ஒரு வரி. கை நடுங்கியதில் அது ஒன்றரை வரியானது.

அந்த வரியைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் கான்சல் ஆபீசில் ஒரு மாற்றம் நடந்தது. ஹாலோபி எழுந்து நின்றார். சுங் ஓடினார். புல்தரையில் நடக்கக் கூடாது என்ற விதியை மறந்து மூன்று பேர் குறுக்கே ஓடினார்கள். பதினைந்தாவது நிமிஷம் துறையில் நின்ற பீரங்கிப் படகு புகை விட ஆரம்பித்தது.

"இதை ஏன் நீ முதல் நாளே சொல்லவில்லை?" என்று ஹாலோபி அவளைக் கடிந்துகொண்டார். உணர்ச்சிவசப்பட்டிருந்தார். "ஓர் ஆங்கிலேயனின் தொப்பி எந்த ஆணியில் தொங்குகிறதோ, அந்த ஆணி வரைக்கும் எங்கள் சட்டம் நீளும். உலகின் எந்த மூலையானாலும் சரி. இதைச் சாம்ராஜ்யம் என்று சொல்லி எங்களைப் பழிக்கிறார்கள். நான் இதைக் கடமை என்கிறேன்."

பெய்ஃபென் அவரைக் கும்பிட்டாள். வெட்கம் கெட்டுப்போய்க் கும்பிட்டாள். பீரங்கி போகிறது, படகு திரும்புகிறது என்று நம்பினாள். துறைப்படியில் பகலெல்லாம் நின்றாள்.

மாலையில் பீரங்கிப் படகு திரும்பியது. தொப்பி முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வந்தது. பின்னால் 'நல்ல காற்று' வரவில்லை.

பீரங்கிப் படகில் சமையல் செய்கிறவர் ஊர்க்காரர்தான். காலி முட்டைக்கூடையோடு இறங்கியவர் அவளைக் கண்டதும் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணி, நான் சொல்லிடறேன். மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. உங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் இருக்காரு. எங்க படகு பக்கத்துல அணைஞ்சப்ப கயிறு வாங்கிக் கட்டினதே அவருதான். அந்தக் கேப்டனை முட்டி போட வச்சுத் தொப்பியக் கேட்டாங்க. ரெண்டு கையிலயும் ஏந்திக் கொண்டாந்து குடுத்தான். வாங்கிக்கிட்டுக் கிளம்புறப்ப பான் இருக்காருல்ல, அவரு கரிக்குழிக்குள்ளருந்து வெளிய வந்து, 'நாங்களும் பிரிட்டிஷ்தான்யா! இந்தப் படகே பிரிட்டிஷ்தான்! காயிதம் இருக்கு!'ன்னு கத்தினாரு. எங்க ஆபீசர் பட்டியலப் பிரிச்சுப் பாத்தாரு."

"பட்டியல்ல என்ன இருந்துச்சு?"

"தொப்பி, ஒண்ணு." சமையல்காரர் ஆற்றைப் பார்த்தார். "நாங்க கொஞ்ச தூரம் வந்ததும் கேப்டன் துப்பாக்கியத் திருப்பிப் பிடிச்சுப் பான் தலையில அடிச்சான். முட்டி போட்ட கோவம். அவரு எந்திரிச்சத நான் பாக்கல, அண்ணி."

மறுநாள் பத்து மணிக்குப் பெய்ஃபென் ஹாலோபியின் மேஜை முன் நின்றாள். இந்தத் தடவை கும்பிடவில்லை.

"ஒரு பட்டியல் எழுதிட்டு வந்திருக்கேன். கிரிம்ஷா ஐயாவோட சாமான்னு எழுதியிருக்கேன். நாற்காலி ஒண்ணு. குடை ஒண்ணு. ஆளு ஏழு. இதுக்கு அந்தப் படகை இன்னொரு தடவை அனுப்புங்க."

ஹாலோபி பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். கோபத்தில் அவர் காது சிவந்தது.

"பெண்ணே, எங்கள் சட்டம் அடிமை முறையை ஒழித்துத் தொண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன. மனிதனை உடைமை என்று எழுதிய காகிதம் இந்த மேஜைக்கு வரக் கூடாது. அந்த ஏழு பேரும் சுதந்திர மனிதர்கள். அவர்கள் யாருடைய பொருளாகவும் இருந்திருந்தால் நேற்றே கொண்டுவந்திருப்போம்."

அந்த வாக்கியத்தில் என்ன இருக்கிறது என்று அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அருமையாகச் சொல்லிவிட்ட திருப்தியில் உட்கார்ந்தார். பெய்ஃபென் பட்டியலை மடித்து மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். புல்தரைக்கு நடுவாக நடந்தாள். சேவகன் கத்தினான். கத்தட்டும்.

சாராயக் கடை மாடியில் கிரிம்ஷா நடுப்பகலிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். தொப்பி வயிற்றின் மேல் இருந்தது. மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. ஏறியபோது எடுத்துக்கொண்டாள்.

படகுக்காரக் குடும்பத்தவளுக்குத் துடுப்பு போட யாரும் சொல்லித்தர வேண்டாம். சின்னத் தோணியில் ஒரு பகல் ஆற்றை எதிர்த்துப் போனாள். கை கொப்புளித்தது. படை கிளம்ப இன்னும் ஆறு நாள் இருந்தது. முகாமில் 'நல்ல காற்று' கரையோரம் கட்டிக் கிடந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய் முதலில் அவளைப் பார்த்தான். பிறகு அவள் தலையில் இருந்ததைப் பார்த்தான். துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கேப்டனைக் கூப்பிட ஓடினான்.

கேப்டன் வருவதற்குள் அவள் படகேறித் தொப்பியைச் சுக்கான் அறையில் அதே ஆணியில் மாட்டியிருந்தாள். கெங் அவள் கொப்புளித்த கையைப் பார்த்தான்.

"அத எதுக்குடி மறுபடி கொண்டாந்த?" கேப்டன் குரல் கீச்சென்றது.

"வெள்ளக்கார ஐயா அனுப்பினாரு. அது தொங்க வேண்டிய இடம் இந்த ஆணிதானாம். அவரோட கம்பெனி, அவரோட ஆணி."

"எடு! எடுத்துட்டுப் போ!"

"நான் எப்படிங்க எடுக்கறது? நான் உள்ளூர்க்காரி. நீங்க எடுங்களேன்."

கேப்டன் கையை நீட்டினான். பாதியில் நிறுத்தினான். இரண்டு நாளைக்கு முன் தன் சிப்பாய்கள் முன்னால் முட்டி போட்ட கால் அது, இன்னும் வலித்திருக்கும். ஆற்றின் வளைவைத் திரும்பிப் பார்த்தான்.

"பீரங்கிப் படகு வருதா?"

"தொப்பி இங்க இருந்தா வரும். தொப்பி காணாமப் போனாலும் வரும். தொப்பி தாஷி துறைக்குப் போய்ச் சேந்தா வராது."

"அப்ப தொப்பியக் கொண்டுபோய்த் தொலை!"

"ஆணி படகுல இருக்கே."

கேப்டன் அரை நிமிஷம் யோசித்தான். ஒரு படகுக்குப் பதில் இன்னொரு படகைப் பிடித்துக்கொள்ளலாம். மேலாற்றில் சீனக் கொடி போட்ட படகு நாலு கிடக்கிறது. "போங்க! எல்லாரும் போய்த் தொலைங்க! இந்தச் சனியன் என் கண்ணுல படக் கூடாது!"

சட்டத்தால் முடியாததைத் தக்கை செய்தது. ஆறு பேர் திரும்பி வந்தார்கள். ஏழாவதாகப் பான். தார்ப்பாயில் சுற்றி, அவன் வழக்கமாக நிற்கும் கரிக்குழிக்குப் பக்கத்தில் கிடத்தி வைத்திருந்தார்கள். அவன் முந்தின நாள் விடிகாலை செத்துப்போயிருந்தான். அதுவரை தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்ததாகக் கெங் சொன்னான்.

பாதுகாப்புக் கேட்டபோது அத்தனை நாளும் நகராத காகிதம், இப்போது பறந்தது. படகு துறையில் அணைந்து கயிறு கட்டக்கூட இல்லை. சேவகன் சம்மனோடு நின்றான். ஓர் ஆங்கிலேயனின் தொப்பியை, இயக்குநர் குழுத் தீர்மானம் இல்லாமல், ஒரு ராணுவத்தை ஏமாற்றப் பயன்படுத்திய குற்றம். விசாரணை மதியமே.

மதியத்தில் ஹாலோபிதான் நீதிபதி. அதே ஆள், அதே மேஜை. நாற்காலியை மட்டும் ஒரு படி மேலே தூக்கிப் போட்டிருந்தார்கள்.

"எங்க மேல கேஸ் போட உங்களுக்கு என்னங்க உரிமை?" என்றாள் பெய்ஃபென். "நாங்க உங்க குழந்தையான்னுதான் இன்னும் தெரியலையே. நகல் வரலையே."

"நகல் தேவையில்லை. மூலப் பத்திரம் இருக்கிறது." ஹாலோபி அந்தக் கரிப் பலகையைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக்கூடப் போடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசித்தார். கம்பெனியின் பெயர். பதிவு எண். நாள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு. பதிவாளரின் கையெழுத்து, கீழே இருந்த பொடி எழுத்து, புகைக்குள் மூழ்கிப்போன சிங்கத்தைச் சுற்றியிருந்த லத்தீன் வாசகம் வரைக்கும். ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. சேவல் ரத்தப் பொட்டு வந்த இடத்தில் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டார்.

"இந்தக் கம்பெனி எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதில் ஐயமே இல்லை."

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. சுங் மட்டும் குனிந்து மேஜையைத் துடைத்தார். மேஜை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

தீர்ப்பு: கம்பெனி பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. இனிமேல் அதற்குக் கான்சலின் பாதுகாப்பு கிடையாது.

"சரிங்க" என்றாள் பெய்ஃபென். "ஒண்ணு மட்டும் உங்க குறிப்புல எழுதிக்குங்க. கம்பெனியோட பங்குதாரர் பான் செத்துட்டாரு. உங்க பீரங்கிக்கு முன்னால நின்னு உங்க பேரச் சொன்னதுக்காகச் செத்தாரு."

ஹாலோபி பட்டியலை எடுத்தார். நேர்மையான ஆள், மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துத் தேடினார்.

"பான் என்று யாரும் இல்லை."

"மூணு வாகை இல்லம்னு இருக்கும்."

"இருக்கிறது. அவர் இறந்ததாகத் தகவல் இல்லை. அவர் ஆஜராகவில்லை, அவ்வளவுதான்." பட்டியலை மூடினார். "இல்லாத ஒருவரின் மரணத்தை நான் பதிய முடியாது."

கோர்ட் கலைந்தது. கிரிம்ஷா தொப்பியை மாட்டிக்கொண்டு, அடுத்த கம்பெனி விருந்துக்குக் கிளம்பினார். செல்லாததாகிவிட்ட சான்றிதழை என்ன செய்வது என்று சுங்குக்குத் தெரியவில்லை. பெய்ஃபென் போகும்போது அதை அவள் கையில் திணித்தார். "அடுப்புக்கு ஆகும்" என்றார். ஆனால் இந்தத் தடவை மெதுவாகச் சொன்னார், மீன் சந்தைக் குரலில்.

படகில் ஆறு பேரும் மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பான் எரித்த கடைசிக் கரியின் சூடு கொதிகலனில் எப்போதோ ஆறியிருந்தது.

"என்ன பண்ணலாம் இத? ஆத்துல வீசிடலாமா?" என்றான் கெங்.

பெய்ஃபென் ஒரு கத்தியை விட்டு, பலகையிலிருந்து காகிதத்தைப் பிரித்தாள். மூன்று வருஷமாகப் பலகையோடு ஒட்டியிருந்த பின்பக்கம் புகை படாமல் அப்படியே இருந்தது. தடித்த, நல்ல வெள்ளைக் காகிதம். தூரிகையை மையில் தோய்த்து, இல்லத்துப் பெயர் இல்லாமல், திருவாளர் இல்லாமல், அவன் அப்பா அம்மா வைத்த பெயரை மட்டும் முழுசாகப் பெரிய எழுத்தில் எழுதினாள். எழுத்து தெரியாதவர்களுக்கும் தெரிகிற அளவு பெரிசாக.

மை காய்ந்ததும் சிங்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினாள். கெங் ஊதுவத்தியைக் கொளுத்தி அவளிடம் கொடுத்தான்.